சிட்னி 2000: 1,295 டெம்ப்ளேட்டுகளும் ஒரு பிரெய்ல் வாசகரும்

1999 ஜூன் 7ஆம் தேதி, சிட்னி ஒலிம்பிக் தொடங்க இன்னும் 466 நாட்கள் இருந்தன. புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்றவர் அன்று ஆஸ்திரேலியாவின் மனித உரிமை மற்றும் சம வாய்ப்பு ஆணையத்தில் ஒரு புகார் கொடுத்தார். புகாரில் மூன்று குறைகள் இருந்தன. டிக்கெட் வாங்குவதற்கான விவரப் புத்தகம் பிரெய்லில் இல்லை. நினைவு மலர் பிரெய்லில் இல்லை. ஒலிம்பிக் இணையதளத்தைத் தன்னால் படிக்க முடியவில்லை. டிக்கெட் புத்தகம் பற்றிய பகுதி தனியாக விசாரிக்கப்பட்டு, முன்னதாகவே அவருக்குச் சாதகமாக முடிந்தது. இணையதளம் பற்றிய பகுதிதான் இழுத்துக்கொண்டு போய், இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி அமைக்கும் துறையில் இருப்பவர்கள் இன்றும் பேசும் வழக்காக ஆனது.

அரசுத் தளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் இந்த வழக்கைத்தான் எடுத்துச் சொல்வேன். "இப்போது செய்ய முடியாது, செலவு தாங்காது" என்ற பதிலை எல்லா அலுவலகங்களிலும் கேட்கிறோம். அந்தப் பதில் பெரும்பாலும் அந்த அறையோடு முடிந்துவிடும். சிட்னியில் மட்டும் அதைச் சொன்னவர்கள் எத்தனை நாள், எத்தனை டாலர் என்று கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கை வெளியாட்கள் சரிபார்த்தார்கள். எனக்கு இந்த வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

எதிர்மனுதாரர் சிட்னி ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழு. சுருக்கமாக சோகாக் என்பார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநில நாடாளுமன்றம் 1993இல் தனிச் சட்டம் போட்டு உருவாக்கிய அமைப்பு இது. அதாவது விளையாட்டுச் சங்கமோ தனியார் நிறுவனமோ அல்ல, அரசுச் சட்டத்தில் பிறந்த பொது அமைப்பு. இணையதளத்தை அதற்காகக் கட்டிக் கொடுத்தது கணினி நிறுவனமான ஐபிஎம்.

அவர் கேட்டது என்ன?

மகுவயர் கணினியைப் பயன்படுத்தியது பிரெய்ல் டிஸ்ப்ளே வழியாக. விசைப்பலகையை ஒட்டி வைக்கும் நீளமான பட்டை அது. திரையில் இருக்கும் எழுத்துக்கு ஏற்பச் சிறு ஊசிமுனைகள் எழுந்தும் தாழ்ந்தும் ஒரு வரி பிரெய்லாக மாறும். விரலால் தடவிப் படித்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த துண்டு வரும். திரையில் எழுத்தாக இருப்பது மட்டும்தான் விரலுக்கு வந்து சேரும். படம் படமாகவே இருந்தால் அங்கே ஒன்றுமில்லை.

தளத்தைப் பற்றி அவர் வைத்த கோரிக்கைகளும் மூன்றுதான்.

முதலாவது, எல்லாப் படங்களுக்கும், இமேஜ் மேப் இணைப்புகளுக்கும் மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாகப் படிக்கக்கூடிய எழுத்து, வேண்டும். இமேஜ் மேப் என்றால் ஒரே படத்தின் வெவ்வேறு இடங்களில் அழுத்தினால் வெவ்வேறு பக்கங்கள் திறக்கும் அமைப்பு. அந்தக் காலத்துத் தளங்களில் முகப்புப் பட்டியே பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு சொல்லில் ஒரு பெயர் எழுதாவிட்டால், பார்வையற்றவருக்கு அது கதவு எங்கே என்று தெரியாத சுவர். இந்த மாற்று உரை ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லின் 4.0 பதிப்பு 1997 டிசம்பரில் வெளியானது. படத்துக்கு ஆல்ட் எனப்படும் மாற்று உரை கட்டாயம் என்றே அது சொல்லிவிட்டது.

இரண்டாவது, போட்டி அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழி வேண்டும். எந்த ஆட்டம் எந்த நாளில் என்று பார்க்க வந்தவர் அடுத்து எடுத்து வைக்கும் அடி அதுதானே.

மூன்றாவது, முடிவு அட்டவணைகள். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இணையதளம் பற்றிப் பேசும் பலரும் மாற்று உரையோடு நிறுத்திவிடுகிறார்கள். பொதுத்துறைத் தளங்களில் அதைவிடக் கடுமையான தடை அட்டவணைதான் என்பது என் கருத்து.

சிட்னியிலேயே நடந்த ஒரு போட்டியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 2000 செப்டம்பர் 19, பெண்கள் 69 கிலோ பளுதூக்குதல். கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலம் வென்ற போட்டி. ஸ்னாட்ச் முறையில் 110 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 130 கிலோ, மொத்தம் 240. தங்கம் வென்ற சீனாவின் லின் வெய்னிங் 110, 132.5, மொத்தம் 242.5. வெள்ளி வென்ற ஹங்கேரியின் எர்ஷெபெட் மார்குஷ் 112.5, 130, அவருக்கும் மொத்தம் 242.5. இருவரும் சமம். உடல் எடை குறைவாக இருந்ததால் தங்கம் லின்னுக்குப் போனது.

கண்ணால் பார்ப்பவருக்கு இது ஒரு நொடி வேலை. மேலே பத்தித் தலைப்பு, இடப்பக்கம் பெயர், பார்வை மேலும் கீழும் ஓடி எல்லாவற்றையும் இணைத்துக்கொள்ளும். தலைப்புச் செல்கள், அதாவது தலைப்பு எழுதிய கட்டங்கள், குறிக்கப்படாத அதே அட்டவணை வரிசையாகப் படிக்கப்பட்டால் எப்படி வரும்? "110 132.5 242.5 112.5 130 242.5 110 130 240." எது ஸ்னாட்ச், எது கிளீன் அண்ட் ஜெர்க், எது மொத்தம், எது யாருடையது? இரண்டு 242.5இல் எது தங்கம்? தகவல் முழுவதும் அங்கே இருக்கிறது, ஆனால் ஒன்றுமே கைக்கு வராது. இதைச் சரிசெய்ய, இது தலைப்புச் செல், இந்தப் பத்திக்கு உரியது என்று குறியீட்டில் சொன்னால் போதும். அதற்கான குறிகளும் அதே ஹெச்டிஎம்எல் 4.0இல் இருந்தன. 1999 மே 5 அன்று, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ த்ரீ சி அமைப்பு வெளியிட்ட இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் முதல் பதிப்பு, அட்டவணைத் தலைப்புகளைக் குறிப்பதை முதல் முன்னுரிமையில் வைத்தது. மகுவயர் புகார் கொடுத்தது அதற்கு ஒரு மாதம் கழித்து. ஆக, என்ன செய்ய வேண்டும் என்பது யாருக்கும் தெரியாமல் இல்லை.

சோகாக்கின் பதில்

வழக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் தளம் கொஞ்சம் மேம்பட்டது உண்மை. பல படங்களுக்கு மாற்று உரை சேர்க்கப்பட்டது. மீதிக்குச் சோகாக் சொன்ன காரணங்களைத்தான் கவனிக்க வேண்டும்.

விளையாட்டுப் பட்டியலுக்குப் போக வழியில்லை என்ற குறைக்கு, ஒவ்வொரு விளையாட்டுப் பக்கத்தின் முகவரியையும் நேரடியாகத் தட்டச்சு செய்து போகலாமே என்றது. யோசித்துப் பாருங்கள். அந்த முகவரிகள் அவருக்கு எப்படித் தெரியும்? அவற்றைத் தருவதுதானே பட்டியல் பக்கத்தின் வேலை. இதைச் சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. மவுஸைத் தொடாமல், திரையைப் பார்க்காமல் தங்கள் தளத்தில் ஒரு முறையாவது நடந்து பார்த்தவர்கள் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

முடிவு அட்டவணைகளுக்கு வந்த பதில் எண்களால் ஆனது. தளம் 37 விளையாட்டுப் பிரிவுகளுக்கு முடிவுகள் தர வேண்டும். அதற்கு 1,295 டெம்ப்ளேட்டுகள், அதாவது பக்கங்களை வார்க்கும் அச்சுகள், உள்ளன. அவற்றை மாற்ற ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம் வீதம் 368 நாட்கள் உழைக்க வேண்டும். கூடுதல் கருவிகளுக்கும் கட்டமைப்புக்கும் சுமார் 21 லட்சத்து 80 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் ஆகும். கிட்டத்தட்ட தனித் தளமே கட்டுவது போன்ற வேலை, ஆகவே முடியாது.

1992ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பொதுமக்களுக்குத் தரும் சேவையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஆனால் அதைச் சரிசெய்வது அமைப்புக்கு "நியாயமற்ற சிரமம்" ஆகும் என்றால் விலக்கு உண்டு. சோகாக் பற்றிக்கொண்டது இந்த விலக்கைத்தான். அந்த எண்கள் உண்மையென்று நிரூபணமானால் மகுவயர் தோற்றிருக்கலாம்.

கணக்கைச் சரிபார்த்தவர்கள்

மகுவயர் தரப்பில் இரண்டு நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். ஒருவர் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜுட்டா ட்ரெவிரானஸ். மாற்றுத்திறனாளிகளுக்கான கணினித் தொழில்நுட்பத்தில் அப்போதே பெயர் பெற்றவர். இன்னொருவர் ஆஸ்திரேலியக் கணினிச் சங்கத்தின் முன்னாள் தலைவர் டாம் வொர்திங்டன். டெம்ப்ளேட்டுகளின் உள் விவரங்களைக் கேட்டபோது, அது வணிக ரகசியம் என்ற பதில்தான் வந்தது. வெளியே தெரிந்த பக்கங்களை வைத்தே அவர்கள் கணித்தார்கள்.

அவர்கள் சொன்னது இது. டெம்ப்ளேட்டுகள் 1,295ஐ விட மிகக் குறைவாகவே இருக்க வேண்டும். ஒன்றை மாற்ற இரண்டு மணி நேரமெல்லாம் தேவைப்படாது. புதிய கட்டமைப்பு எதுவும் வேண்டியதில்லை, ஏற்கெனவே இருப்பதே போதும். அனுபவமுள்ள ஒரு நிரலாளரும் ஐந்து முதல் பத்து உதவியாளர்களும் சேர்ந்தால் நான்கு வாரத்தில் தளத்தை வழிகாட்டுதல்களின் அடிப்படை நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

ஒரு பக்கம் 368 நாள், இன்னொரு பக்கம் நான்கு வாரம். யாரை நம்புவது? சரி, நிபுணர்களை ஓரமாக வைத்துவிட்டுச் சோகாக்கின் எண்ணையே எடுத்துக்கொள்வோம். 368 நாளும் 8 மணி நேரமும் பெருக்கினால் 2,944 மணி. பத்துப் பேர் உட்கார்ந்தால் 37 வேலை நாள். புகார் வந்த அன்று இரண்டே இரண்டு பேரைப் போட்டிருந்தாலும் ஆளுக்கு 184 வேலை நாள். 2000ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே முடிந்து, தொடக்க விழாவுக்குப் பல மாதம் மிச்சமிருந்திருக்கும். பூதாகாரமாகத் தெரிந்த எண்ணின் உண்மையான அளவு அவ்வளவுதான். "ஒருவர் செய்தால் இத்தனை நாள்" என்று எழுதியதால்தான் அது அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

டெம்ப்ளேட் என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. முடிவுப் பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அவை ஒவ்வொன்றும் கையால் எழுதப்படுவதில்லை. ஒரு அச்சு இருக்கும், போட்டி முடிந்ததும் எண்கள் அதில் வந்து விழும். அச்சைத் திருத்தினால் அதிலிருந்து பிறக்கும் எல்லாப் பக்கமும் திருந்திவிடும். நானே ஒரு அரசுத் துறையின் தளத்தில் வேலை பார்த்தபோது, "பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, தொட முடியாது" என்று முதல் கூட்டத்திலேயே பயமுறுத்தினார்கள். நண்பர் ஒருவரும் நானும் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து எண்ணினோம். டெம்ப்ளேட் என்று பார்த்தால் இருபதைத் தாண்டவில்லை. அன்றுமுதல் யார் பக்க எண்ணிக்கை சொன்னாலும், அச்சு எத்தனை என்றுதான் முதலில் கேட்கிறேன்.

தீர்ப்பு

ஆணையத்தின் சார்பில் விசாரித்தவர் வில்லியம் கார்ட்டர். 2000 ஆகஸ்ட் 24ஆம் தேதியிட்ட அவர் தீர்ப்பு, சோகாக் சட்டத்தை மீறியது என்று சொன்னது. நிபுணர்கள் சொன்னதை அவர் ஏற்றார். முகவரியைத் தட்டச்சு செய்யலாம் என்ற வாதத்தை ஏற்கவில்லை. சிரமம் என்ற வாதத்துக்கு அவர் சொன்ன பதில் எனக்கு மிக முக்கியமானது. தளத்தைத் திட்டமிட்ட காலத்திலேயே இதை யோசித்திருந்தால் செலவும் நேரமும் மிகக் குறைவாக இருந்திருக்கும் என்றார். தாமதத்தால் தானே பெருக்கிக்கொண்ட சிரமத்தைக் காட்டி ஒரு பொது அமைப்பு விலக்குக் கேட்பதை அவர் அனுமதிக்கவில்லை என்றே நான் இதைப் படிக்கிறேன்.

செப்டம்பர் 15க்குள் மூன்று கோரிக்கைகளையும் நிறைவேற்ற வேண்டும் என்பது உத்தரவு. அன்றுதான் தொடக்க விழா. இடையில் மூன்றே வாரம்.

முழுதாக நடக்கவில்லை. ஆணையம் நீதிமன்றம் அல்ல என்பதை இங்கே சொல்ல வேண்டும். அதன் முடிவுகளை நீதிமன்ற ஆணைபோல நேரடியாகச் செயல்படுத்த முடியாது என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1995இல் வேறொரு வழக்கில் சொல்லியிருந்தது. உத்தரவை மீறினால் மறுபடி ஒரு நீதிமன்றப் படி ஏற வேண்டும். அதற்குள் போட்டிகள் முடிந்துவிடும். அப்படித்தான் ஆனது. செப்டம்பர் 25 அன்று ஆஸ்திரேலிய ஓட்டக்காரர் கேத்தி ஃப்ரீமன் 400 மீட்டரை 49.11 வினாடியில் ஓடி முடித்தபோது நாடே அதைப் பேசியது. அக்டோபர் 1 அன்று நிறைவு விழா. நவம்பர் 6 அன்று, உத்தரவு ஓரளவுக்குத்தான் நிறைவேறியது என்று கண்ட ஆணையம், மகுவயருக்கு 20,000 டாலர் இழப்பீடு தரச் சொன்னது. அந்தத் தொகை கொடுக்கப்பட்டது. சொந்த நாட்டில் நடந்த ஒலிம்பிக்கின் முடிவுகளை அது நடக்கும்போதே எல்லோரையும்போலப் படிக்க வேண்டும் என்றுதான் அவர் கேட்டார். அது மட்டும் கிடைக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் மனது கனக்கிறது.

ஆனால் வழக்கு வீண்போகவில்லை. இணையதள அணுகலுக்காக உலகில் முதலில் வந்த தீர்ப்பு என்று பரவலாகச் சொல்லப்படுவது இதுதான். செலவைக் காரணம் காட்டும் அமைப்பின் கணக்கை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்பதற்கு எடுத்துக்காட்டாகப் பல நாடுகளில் பேசப்படுவதும் இதுதான்.

கனடாவில் ஒரு தொடர்ச்சி

பத்து ஆண்டு கழித்து இதே பிரச்சினை கனடாவில் இன்னும் பெரிதாக எழுந்தது. டொராண்டோவைச் சேர்ந்த டோனா ஜோதன் என்ற பார்வையற்ற ஆலோசகர், ஒரு தளத்தின் மீதல்ல, மத்திய அரசின் மீதே வழக்குப் போட்டார். அரசு வேலைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கவும், 2006 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பவும் அவர் பட்ட பாடு அதில் இருந்தது. அரசு சொன்ன பதில் நமக்கும் பழக்கமானதே: தொலைபேசியில் கேட்கலாம், தபாலில் வாங்கலாம், நேரில் வரலாம். 2010 நவம்பர் 29 அன்று நீதிபதி மைக்கேல் கெலன் அதை ஏற்க மறுத்தார். அரசியல் சாசனம் தரும் சமத்துவ உரிமை மீறப்பட்டது என்று சொல்லி, சரிசெய்ய 15 மாத அவகாசம் கொடுத்தார். 2012 மே 30 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பின் மையத்தை உறுதி செய்தது. அங்கேயும் விதிமுறை ஏற்கெனவே இருந்தது. துறைகள்தான் தங்கள் சொந்த விதியைப் பின்பற்றவில்லை.

தொலைபேசி இருக்கிறதே என்ற வாதம் ஏன் நிற்காது என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. இரவு பதினொரு மணிக்கு, யார் தயவும் இல்லாமல், எந்தக் கேள்வி கேட்கிறோம் என்று யாருக்கும் தெரியாமல், தனக்கு வேண்டியதைத் தானே பார்த்துக்கொள்வதுதான் இணையதளம் மற்றவர்களுக்குத் தரும் வசதி. அலுவலக நேரத்தில் வரிசையில் காத்திருந்து ஒருவரிடம் வாசித்துக் காட்டச் சொல்வது அதற்கு ஈடாகாது.

என் வேலையில் இது எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தில் "அணுகல் வசதி செய்யப்படும்" என்று ஒரு வரி எழுதி நிம்மதியாக இருப்பதை விட்டுவிட்டேன். எந்த வழிகாட்டுதல், எந்த நிலை, யார் சோதிப்பது, தவறினால் பணம் எப்போது நிறுத்தப்படும் என்று எழுதச் சொல்கிறேன். சோதனையையும் கடைசி வாரத்துக்குத் தள்ளுவதில்லை. முதல் டெம்ப்ளேட் கைக்கு வந்த வாரமே, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை அன்றாடம் பயன்படுத்தும் பார்வையற்றவர் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். நான் வாயைத் திறப்பதில்லை. அதுதான் கஷ்டமான பகுதி.

சென்ற முறை அது ஒரு தேர்வு முடிவுப் பக்கம். வந்தவர் பதிவெண்ணைத் தட்டினார், அட்டவணைக்குள் போனார், கணினி வேகவேகமாக எண்களைச் சொல்லிக்கொண்டு போனது. சட்டென்று நிறுத்தி, "இந்த 62 எதுல சார்?" என்று கேட்டார். நிரல் எழுதிய பையன் எட்டிப் பார்த்தான், முகம் சுருங்கியது, லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துத் தலைப்புச் செல்களைக் குறித்தான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்தைப் புதுப்பித்து மறுபடி அவரிடம் நகர்த்தினான். அம்புக்குறியை அழுத்திக்கொண்டே வந்தார். "வேதியியல், 62" என்றது கணினி.